டார்லின் செய்த கேக்

லில்லி டீச்சர் புது ஓவன் வாங்கியிருக்கிறார் என்று அம்மா சொன்னதும் நான் சலித்துக்கொண்டிருந்த மைதாவை அப்படியே வைத்துவிட்டேன்.

லில்லி டீச்சர் என் தங்கை டார்லினுக்கு மாமியாராகப் போகிறவர். சேரன்மகாதேவியில் வீடு. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன்னால் மகன் ஜாபேஸை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். டீயோடு பட்டர் கேக் வைத்தோம். டீச்சர் ஒரு துண்டு சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். யார் செய்தது என்று கேட்டார். டார்லின் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எல்லாம் எங்க டார்லின்தான் டீச்சர்."

டார்லின் அதுவரை ஒரு முட்டை உடைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறாள். அடுப்பங்கரைக்குத் தண்ணீர் குடிக்க மட்டும் வருவாள். கேக் செய்தது நான்.

அம்மா மகளின் பெருமைக்காக அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்த இன்னொரு பொய்யைக் காப்பாற்றச் சொன்னாள். ஜெனோ வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறான் என்பது முதல் பொய். ஜெனோ நான்தான். சென்னையில் ஓர் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நான்கு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் காலை வந்து படுத்தேன். சாயங்காலம் கம்பெனி வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்தது. எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஊருக்கு வந்துவிட்டேன். வந்து ஒன்பது மாதம் ஆகிறது. வீட்டில் இருந்தபடி கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எடை சரியாக இருந்தால் கேக் வரும். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

இப்போது திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். சேரன்மகாதேவி சபையில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் சனிக்கிழமை மூன்று மணிக்கு. எங்கள் மருமகள் வந்து பட்டர் கேக் செய்து காட்டுவாள் என்று சங்கத்தில் அறிவித்துவிட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் புழங்கட்டும் என்று முன்கூட்டியே ஓவன் வாங்கிவிட்டாராம். அம்மா யோசிக்காமல், அதுக்கென்ன டீச்சர் வருவா என்று சொல்லிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். கேக் செய்தது அண்ணன் என்று சொன்னால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

"கேக்க நீ பண்ணுனன்னு சொல்லுவோம்," என்றாள் அம்மா. "ஆம்பளப் பிள்ள பட்டப்பகல்ல வீட்டுல ஒக்காந்து மாவு அடிக்கானே, அவன் கம்பெனி வேல எப்பம் பாக்கான்னு டீச்சர் கேப்பாவ. அதுக்கு என்னல சொல்லுவ?"

அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அம்மாவின் பென்ஷனிலும் தங்கையின் சம்பளத்திலும் உட்கார்ந்து சாப்பிடுகிற அண்ணன் இருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்பது அம்மாவின் பயம். ஒப்பந்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குள் நிச்சயதார்த்தத்தை அப்படித்தான் சொல்வோம். மண்டபம் பேசியாயிற்று. டார்லினுக்கு ஜாபேஸைப் பிடித்திருந்தது. தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் தினமும் ஏழரை மணிக்குக் கூப்பிடுவார். அவள் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நின்று பேசுவாள். கீழே இறங்கும்போது முகம் வேறாக இருக்கும். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அது என்னால் நின்றதாகத்தான் இருக்கும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று அம்மா கேட்டாள்.

"இந்தச் சனிக்கிழம காய்ச்சல்னா அடுத்த சனிக்கிழம வரும்," என்றாள் டார்லின். என் பக்கம் திரும்பினாள். "நாலு நாள் இருக்கு. சொல்லிக் குடு."

பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தோம். நான் செய்கிற முறை பழைய முறை. நான்கு முட்டையை ஓட்டோடு தராசில் வைக்க வேண்டும். அந்த எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குப் பொடித்த சீனி, அதே எடைக்கு மைதா. வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்க வேண்டும். முட்டையை ஒவ்வொன்றாக ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் கலந்து மூன்று தடவை சலித்த மைதாவைப் பைய மடித்துக் கலக்க வேண்டும். கடைசியில் இரண்டு கரண்டி பால். ஐம்பது நிமிடம் ஓவனில். அவ்வளவுதான். எழுதினால் அரைப் பக்கம்.

முதல் கேக் நடுவில் குழி விழுந்தது. இரண்டாவது கல்லாக வந்தது, மைதா போட்ட பிறகும் விடாமல் அடித்திருந்தாள். அவளுக்குப் பிடிபடாதது வெண்ணெய் அடிக்கிற இடம்தான்.

"வெண்ணெய் சரியா வந்துட்டுன்னு எப்படித் தெரியும்?"

"பாத்தாத் தெரியும்."

"அப்படிச் சொன்னா நான் என்னத்த எழுத?"

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். மஞ்சள் நிறம் போய் வெள்ளையாகும், அதுதான் அடையாளம் என்றேன். அவள் எழுதிக்கொண்டு அடியில் இரண்டு கோடு போட்டாள். நாங்கள் வாங்குகிற பாக்கெட் வெண்ணெய் மஞ்சள்தான். அதற்கு நான் சொன்னது சரி. வியாழக்கிழமை செய்த கேக் தேறியது. வெள்ளிக்கிழமை செய்ததை அம்மா தின்றுவிட்டு, நீ செய்த மாதிரியே இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அன்று அவள் மட்டும் தூங்கினாள்.

சனிக்கிழமை பாக்கெட் வெண்ணெய், தராசு, சல்லடை, கேக் தட்டு எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டு நான் தூக்கிக்கொண்டேன். பை தூக்க அண்ணன் வருவதில் யாருக்கும் சந்தேகம் வராது. பஸ்ஸில் டார்லின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். வழி நெடுக நாற்று நட்ட வயல். அவள் தலையைத் தூக்கவில்லை.

சபைக் கோவிலை ஒட்டிய சின்ன ஹாலில் முப்பது நாற்பது பெண்கள் இருந்தார்கள். லில்லி டீச்சர் வாசலுக்கு வந்து டார்லினின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். என்னைப் பார்த்து, லீவு போட்டுட்டு வந்தீங்களா தம்பி என்று கேட்டார். சனிக்கிழமை லீவுதான் டீச்சர் என்றேன். எனக்கு அது சரளமாக வந்தது. பெண்கள் கூட்டம் என்பதால் வெளியே ஜன்னலை ஒட்டிக் கிடந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார். அங்கிருந்து மேஜை முழுவதும் தெரிந்தது. மேஜையில் புது ஓவன். கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மருமகள் கையால் உரிக்கட்டும் என்று விட்டு வைத்தாராம். டார்லின் உரித்தாள். கை தட்டினார்கள்.

ஜெபம் முடிந்தது. டார்லின் பையிலிருந்து வெண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்தாள். டீச்சர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"இந்தக் கடை வெண்ணெய் எதுக்கும்மா? பக்கத்து வீட்டு ராஜலக்ஷ்மி, ஒங்க மருமகளுக்கான்னு கேட்டு காலையிலயே கடைஞ்சு குடுத்து விட்டிருக்கா. எரும வெண்ணெய். மணத்தப் பாரு."

ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டியைத் திறந்தார். தண்ணீரில் வெண்ணெய் உருண்டைகள் மிதந்தன. பூண்டு உரித்தது போல அப்படி ஒரு வெள்ளை.

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

வீட்டில் கடைந்த வெண்ணெய்க்குள் தண்ணீர் இருக்கும். துணியில் போட்டுப் பிழிந்து, பிசைந்து, தண்ணீரை வெளியேற்றாமல் கேக்குக்குப் போட முடியாது. அதைவிட மோசம், அது முதலிலேயே வெள்ளை. டார்லினின் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்த அடையாளம் இந்த வெண்ணெயில் வேலை செய்யாது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் கையை முஷ்டியாக மடக்கிப் பிழிவதுபோல் காட்டினேன். தைரியமாக இரு என்று சொல்வதாக எடுத்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு உருண்டைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே தராசில் வைத்தாள்.

சீனியைப் போட்டு அடிக்கத் தொடங்கினாள். குரல் நன்றாக இருந்தது. வகுப்பெடுக்கிற குரல். பெண்கள் குறிப்பெடுத்தார்கள். வெள்ளை ஆகிற வரைக்கும் அடிக்கணும் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தாள். அது வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அடித்தாள். மாறவில்லை. மாறுவதற்கு ஒன்றும் இல்லை.

"வெள்ளையாத்தான இருக்கு," என்று முன்வரிசையில் ஒரு அம்மா சொன்னார். யாரோ சிரித்தார்கள். டார்லினும் சிரித்துவிட்டு நிறுத்தினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சீனி கரையவே இல்லை என்று எனக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

முட்டைகள் டீச்சர் வீட்டு பிரிட்ஜிலிருந்து வந்திருந்தன. ஓட்டின் மேல் வேர்த்திருந்தது. முதல் முட்டை போனது. இரண்டாவது போனது. மூன்றாவது முட்டைக்குக் கிண்ணத்தில் இருந்தது பிரிந்துவிட்டது. திரிந்த பாலைப்போல், தண்ணீர் தனியாக, கட்டி தனியாக. டார்லின் வேகமாக அடித்தாள். வேகமாக அடிக்க அடிக்க இன்னும் பிரிந்தது. முன்வரிசை அம்மா கழுத்தை நீட்டிக் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

டீச்சர் பக்கத்தில் வந்து, என்னம்மா ஆச்சு என்று மெதுவாகக் கேட்டார்.

டார்லின் நோட்டைப் புரட்டினாள். அதில் இது இல்லை. நான் இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் இது நடந்ததே இல்லை. அவள் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். இந்தத் தடவை என் கையைத் தேடவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

கெட்டுப்போன கேக்கால் கல்யாணம் நிற்காது. வெண்ணெய் சரியில்லை, ஓவன் புதுசு என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வெளியே உட்கார்ந்திருப்பதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அவள் அடிக்கிற கம்பி கிண்ணத்தில் பட்டுப் பட்டு டிக் டிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஒரு சட்டியில் வெந்நீர் வேண்டும் என்று கேட்டேன். யாரோ போய்க் கொண்டுவந்தார்கள். கிண்ணத்தை அதன்மேல் வைத்து, ஒரு கரண்டி மைதாவைத் தூவி, பைய அடித்தேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பிரிந்தது சேர ஆரம்பித்தது. கிண்ணத்தை இறக்கி வைத்துச் சீனி கரைகிற வரை அடித்தேன். நான்காவது முட்டையைக் கையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றி ஊற்றினேன். மைதாவை மடித்துக் கலந்தேன். பால் விட வேண்டாம், வெண்ணெயிலேயே தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். அதை யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லில்லி டீச்சர் என் கையைப் பார்க்கவில்லை. டார்லினைப் பார்த்தார்.

"அண்ணனுக்கும் தெரியுமோ?"

ஆமாம் என்று சொல்லி டார்லின் அங்கேயே முடித்திருக்கலாம். அந்தக் கேள்வியில் அதற்கு இடமிருந்தது. டீச்சர் வேண்டுமென்றே அந்த இடத்தை விட்டுக் கேட்டார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அண்ணனுக்குத்தான் தெரியும் அத்த," என்றாள் டார்லின். "அன்னைக்கு நீங்க சாப்பிட்டதும் அவன் செஞ்சதுதான். நான் செவ்வாக்கிழமதான் படிச்சேன்."

ஹாலின் பின்பக்கம் பாத்திரங்கள் வைக்கிற அறை ஒன்று இருந்தது. டீச்சர், வாம்மா என்று டார்லினைக் கூட்டிக்கொண்டு அதற்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் மாவைத் தட்டில் ஊற்றி ஓவனில் வைத்தேன். ஐம்பது நிமிடம். அதை விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. புது ஓவன் எவ்வளவு சூடு காட்டும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்திலேயே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதவு எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. பேச்சு எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை டார்லினின் குரல் உயர்ந்ததுபோல் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. முட்டை இல்லாமல் செய்யலாமா, குக்கரில் செய்யலாமா என்று கேட்டார்கள். சொன்னேன். அப்புறம் முன்வரிசை அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"நீங்க என்ன கம்பெனில இருக்கீய தம்பி?"

ஓவனுக்குள் கேக்கின் ஓரம் எழும்ப ஆரம்பித்திருந்தது. நடு இன்னும் ஈரம். கதவுக்குப் பின்னால் டார்லின் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் அது இன்னும் அசிங்கம். அவளுக்கு ஒரு தடவை வாய் திறந்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது. அதை வைத்து முடிவு செய்தேன்.

"எதுலயும் இல்ல. விட்டு ஒன்பது மாசம் ஆச்சு."

"வீட்டுலருந்து பாக்கீயன்னு லில்லி சொன்னாவளே."

"எங்க வீட்டுல அப்படித்தான் சொன்னோம்."

அந்த அம்மா ம் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் கேக்கைப் பற்றியும் கேட்கவில்லை. என் முதுகு முழுக்க அவர்கள் பார்வை ஊர்ந்தது. நான் குனிந்து ஓவனையே பார்த்தேன். முப்பதாவது நிமிடம் மேல்பாகம் சீக்கிரம் சிவந்தது. ஒரு தாளை வெட்டி மேலே வைத்தேன். நாற்பத்தைந்தாவது நிமிடம் விளக்குமாற்றிலிருந்து உருவிக் கழுவிய ஈர்க்கால் குத்திப் பார்த்தேன். மாவு ஒட்டியது. இன்னும் ஐந்து நிமிடம். கதவு திறக்கவில்லை. இன்னொரு ஐந்து நிமிடம்.

கேக்கைக் கவிழ்த்துத் துணிமேல் வைத்த பிறகுதான் கதவு திறந்தது. டார்லின் முகத்தைக் கழுவியிருந்தாள். டீச்சர் நேராக மேஜைக்கு வந்து, ஆறுவதற்குள் வெட்டினார். உதிர்ந்தது. கவலைப்படாமல் எல்லோருக்கும் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். தான் ஒரு துண்டு எடுத்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஒங்க அம்மாகிட்டச் சொல்லுங்க தம்பி. நாளைக்கு ஆராதன முடிஞ்சதும் நான் வாரேன். பொண்ணு வேண்டாம்னு சொல்ல வரல. எனக்கு அவங்க வாயால கேக்கணும். ரெண்டையும்."

"சரி டீச்சர்."

"ஒங்களுக்கு வேல இல்லாதது எனக்குப் பெரிசு இல்ல. இனி அந்த வீட்டுலருந்து என்ன சொன்னாலும் நான் நம்பணும்லா. அதுதான்."

பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டுகளை எடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. பாதி வழியில் டார்லின் அவளாகவே சொன்னாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை நான் அவனிடம் சொல்ல மாட்டேன், நீயே சொல் என்று அங்கேயே ஜாபேஸுக்குப் போன் போடச் சொல்லியிருக்கிறார். பேசுகிற வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

"கேக் விஷயத்துக்குச் சிரிச்சாரு," என்றாள். "வேல விஷயத்துக்குச் சிரிக்கல."

"கோவமா?"

"கோவப்பட்டா நல்லாருந்திருக்கும். நாலு மாசம் தினமும் பேசுனோமே, ஒரு நாள்கூடச் சொல்லணும்னு தோணலையான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தோணலன்னேன்."

அது உண்மைதான். அவளுக்குத் தோன்றியிருக்காது. எங்கள் வீட்டில் அந்தப் பொய் நாற்காலி மேஜைபோல் ஓரமாகக் கிடந்தது. யாரும் அதில் இடித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தில் மாற்றமில்லை என்று ஜாபேஸ் சொல்லியிருக்கிறார். ராத்திரி கூப்பிடுகிறேன் என்று சொல்லவில்லையாம். அதற்கு ஏதாவது சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

என் போனில் அம்மா ஏற்கெனவே மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். நான்காவது தடவை மணி அடித்தது. டார்லின் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"கேக் வந்துச்சால?"

"வந்துச்சு."

"டீச்சர் என்ன சொன்னாவ? டார்லின் நல்லாப் பண்ணுனாளா?"

"நான்தாம்மா பண்ணுனேன். எல்லாரும் பாத்தாவ. வேலைய விட்டதும் சொல்லியாச்சு. கல்யாணம் நிக்கல. நாளைக்கு டீச்சர் நம்ம வீட்டுக்கு வாராவ. ஒன்கிட்டப் பேசணுமாம்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் கத்தினார். டார்லின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்குன்னு சொன்னாவளா?" என்று கேட்டாள் அம்மா.